முதல் கூடை தூரத்திலிருந்தே விழுந்தது

கூடைப்பந்தின் முதல் ஆட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நடந்தது. இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம். ஓர் அணிக்கு ஒன்பது பேர். பாதிக்கு 15 நிமிடம் வீதம் இரு பாதிகள். பதினெட்டுப் பேர் வியர்க்க விறுவிறுக்க ஓடியும் பந்து ஒரே ஒரு முறைதான் கூடைக்குள் விழுந்தது. அதைப் போட்டவர் வில்லியம் சேஸ் என்ற மாணவர். சுமார் 25 அடி தூரத்திலிருந்து அவர் எறிந்ததாகச் சொல்வார்கள். அதாவது ஏறக்குறைய 7.6 மீட்டர். இன்றைய அனைத்துலக ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. உலகத்தில் விழுந்த முதல் கூடையே அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்த கூடைதான். ஆட்டமும் 1-0 என்று முடிந்தது.

அந்த ஆட்டத்தை உருவாக்கி, அன்று அதை நடத்தியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு.

கடைசி மூன்று நிமிடம்

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறேன். காலை சிஃப்ட் இருக்கும் வாரங்களில், வேலை முடிந்ததும் அருகிலுள்ள ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்க உதவுகிறேன். அணியில் மூவினப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடாங் செராய், லூனாஸ் பக்கம் தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். காற்பந்தும் பூப்பந்தும் ஆடி வளர்ந்தவர்கள். நம் நாட்டில் கூடைப்பந்து என்றாலே சீனப்பள்ளித் திடல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கல்லூரிக்கு வந்த பிறகே இந்தப் பந்தைத் தொட்ட பிள்ளைகளும் எங்கள் அணியில் உண்டு.

எங்கள் அணிக்கு ஒரு குறை. மூன்று கால்பகுதி வரை சமமாக ஆடுவார்கள். கடைசி மூன்று நிமிடத்தில், ஆட்டம் இரண்டு புள்ளி இப்படியோ அப்படியோ என்று நிற்கும்போது, வெளியிலிருந்து எறியும் பந்து எதுவும் விழாது. எதிரணிக்கும் இது தெரிந்துவிட்டது. கூடைக்கு அடியில் கூட்டமாக நின்றுகொண்டு எங்களை வெளியிலிருந்து எறிய விட்டுவிடுகிறார்கள். இப்படித் தொடர்ந்து தோற்ற பிறகு, இரண்டு பிள்ளைகள் அணியை விட்டே விலகுவதாகச் சொன்னார்கள். ஒருவன், படிப்பையும் நிறுத்திவிட்டு முழுநேர வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஹைடெக் பூங்காவில் எப்போதும் ஆள் எடுக்கிறார்கள். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, சில நேரம் அதற்கு முன்பே, ஆப்பரேட்டர் வேலைக்கு வந்துவிடும் நம் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன்.

எறிவதைத் திருத்துவதற்கு வழி தேடித்தான் இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். எறியும் முறையோடு ஒரு மனிதரின் கதையும் சேர்ந்து கிடைத்தது. மாணவர்களே, அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெற்றோரை இழந்த சிறுவன்

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆல்மான்ட் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தினர். 1870இல் டைஃபாய்டு காய்ச்சல் அந்த வீட்டைத் தாக்கியது. சில வார இடைவெளியில் தந்தையும் தாயும் இறந்தார்கள். அப்போது ஜேம்சுக்கு ஏறக்குறைய 9 வயது. அண்ணன் தம்பி அக்காள் என்று மூன்று பிள்ளைகள் அநாதைகளாக நின்றார்கள். தாய்மாமன் பீட்டர் யங் அவர்களை வளர்த்தார்.

மாமன் வீடு பண்ணை வீடு. காலையில் எழுந்து மாட்டைப் பார்க்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், குதிரை வண்டி ஓட்ட வேண்டும். பால்மரத் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பெற்றோருக்கு உதவிவிட்டுப் பள்ளிக்குப் போன நம் தாத்தா பாட்டிகளின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மாலையில் ஊர்ப் பிள்ளைகள் கொல்லன் பட்டறை அருகே கூடி ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பெரிய பாறை மேல் ஒரு சிறு கல்லை வைப்பார்கள். அதற்கு வாத்து என்று பெயர். ஒருவன் அதற்குக் காவல். மற்றவர்கள் தூரத்தில் நின்று தத்தம் கல்லை எறிந்து அந்த வாத்தைத் தள்ளிவிட வேண்டும். தள்ள முடியாவிட்டால், காவல்காரன் தொடுவதற்குள் ஓடிப்போய்த் தன் கல்லை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

கல்லெறிந்து மாங்காய் அடித்தவர்களுக்கு இதன் நுணுக்கம் புரியும். பலம் கொண்ட மட்டும் நேராக எறிந்தால், குறி தவறிய கல் வெகுதூரம் போய் விழும். அதை எடுக்க ஓடினால் மாட்டிக்கொள்வோம். அதற்குப் பதில், கல்லை மேலே தூக்கி, வளைந்து போய் மெதுவாக இறங்கும்படி எறிந்தால், குறி தவறினாலும் கல் பாறைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பலத்தைக் காட்டிலும் பக்குவம் பெரிது என்பதைச் சிறுவன் ஜேம்ஸ் அங்கே கற்றுக்கொண்டான். இந்தச் சின்ன விஷயம் 20 ஆண்டுக்குப் பிறகு உலகத்துக்கே பயன்படப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பாதியில் விட்ட பள்ளி

ஜேம்ஸ் படிப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கவில்லை. இடைநிலைப்பள்ளியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காட்டு வேலைக்குப் போனார். கனடாவின் குளிரில் மரம் வெட்டும் வேலை. கையில் காசு வந்தது. உடம்பு இறுகியது. இப்படிச் சில ஆண்டுகள் ஓடின.

பிறகு அவர் பள்ளிக்குத் திரும்பினார். தன்னைவிட வயதில் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்வது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! ஆனாலும் உட்கார்ந்தார். 1883இல் ஆல்மான்ட் இடைநிலைப்பள்ளியில் படிப்பை முடித்தபோது அவருக்கு வயது 21. நம் கணக்கில் பார்த்தால், மற்றவர்கள் பட்டப்படிப்பை நெருங்கும் வயதில் அவர் எஸ்பிஎம் முடித்திருக்கிறார்.

அதே ஆண்டில் மொன்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடற்பயிற்சி, ரக்பி வகைக் காற்பந்து, லக்ராஸ் என்று எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். பட்டம் பெற்றதும் சமயக் கல்வி படித்து 1890இல் அதையும் முடித்தார்.

பள்ளியை விட்டுப் போனது அவர் வாழ்க்கையின் முடிவாகவில்லை, நடுவில் வந்த ஓர் இடைவெளியாகவே ஆனது. வேலைக்குப் போவது தவறில்லை. வீட்டு நிலைமை சிலருக்கு வேறு வழி விடுவதில்லை. ஆனால் திரும்பி வருவதற்கான கதவை நாமே சாத்திக்கொள்ளக் கூடாது.

இரண்டு வழிகளுக்கு நடுவில்

நெய்ஸ்மித் பாதிரியார் ஆவார் என்றுதான் குடும்பத்தினர் எதிர்பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பக்தியுள்ள பலர் விளையாட்டை வீண்வேலை என்று நினைத்தார்கள். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அவருடைய அணியைச் சேர்ந்த ஒருவர் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டார். பக்கத்தில் நெய்ஸ்மித் நிற்பதைக் கண்டதும் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒழுங்கான ஒருவர் கூட ஆடுகிறார் என்பதே போதுமானதாக இருந்தது. மேடையில் நின்று சொல்வதைத் திடலில் நின்றும் சொல்லலாம் என்று நெய்ஸ்மித் அப்போது உணர்ந்தார்.

1890இல் அவர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். முதலில் மாணவர், அடுத்த ஆண்டே ஆசிரியர்.

பதினான்கு நாள் கெடு

1891 குளிர்காலம். வெளியே பனி. காற்பந்து ஆட முடியாது, பேஸ்பாலும் ஆட முடியாது. மாணவர்கள் உள்ளே ஒரே மாதிரியான உடற்பயிற்சிகளைச் செய்து சலித்துப் போனார்கள். குறிப்பாக, பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு யாருக்கும் அடங்கவில்லை. இரண்டு ஆசிரியர்கள் முயன்று கைவிட்டார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக் அந்த வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, உள்ளே ஆடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கெடு இரண்டு வாரம்.

நெய்ஸ்மித் முதலில் தெரிந்த ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். காற்பந்தைக் கொஞ்சம் மாற்றினார். லக்ராஸ் ஆடவிட்டார். இடம் சிறியது, ஆட்கள் முரடர்கள். அடிபட்டதுதான் மிச்சம். கெடு முடியப் போகும் நேரத்தில் அவர் வேறுவிதமாக யோசித்தார். ஆட்டங்களை நகல் எடுப்பதை விட்டுவிட்டு, ஆட்டம் ஏன் முரட்டுத்தனமாகிறது என்று கேட்டுப் பார்த்தார்.

பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். அதனால் அவனைத் தடுத்துக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால் பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. பந்து கிடைத்த இடத்திலிருந்தே அடுத்தவருக்கு எறிய வேண்டும். சரி, இலக்கு எங்கே? தரையில் இரண்டு கம்பம் நட்டால் எல்லாரும் பலம் முழுவதையும் சேர்த்து வேகமாக எறிவார்கள். எதிரில் நிற்பவன் முகம் உடையும். பலமாக எறிந்தால் பயனில்லாத ஓர் இலக்கு வேண்டும். அந்த நேரத்தில்தான் பாறை மேல் இருந்த வாத்துக்கல் அவர் நினைவுக்கு வந்தது. இலக்கின் வாய் வானத்தைப் பார்த்து இருந்தால், பந்தை மேலே தூக்கி வளைத்துத்தான் போட முடியும். அந்த இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால் யாரும் அதை மறைத்துக்கொண்டு நிற்க முடியாது.

பள்ளிப் பராமரிப்பாளர் ஸ்டெபின்சிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இரண்டு இருக்கின்றன என்றார் அவர். அவற்றை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் அறைந்தார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் கூடைப்பந்து வளையத்தின் உயரம் அதே 10 அடி, 3.05 மீட்டர். ஆய்வு செய்து முடிவெடுத்த உயரமல்ல அது, ஒரு கட்டடத்தின் கைப்பிடி உயரம்.

13 விதிகளை எழுதித் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். காற்பந்து ஒன்றை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கினார். அடங்காத பதினெட்டுப் பேரும் அதன் பிறகு அந்த ஆட்டத்தை விடவில்லை. ஃபிராங்க் மாஹான் என்ற மாணவர் இதற்கு ஆசிரியரின் பெயரையே வைக்கலாம் என்றார். நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் இருப்பதால் கூடைப்பந்து என்ற பெயரே நிலைத்தது.

கணக்கும் களைப்பும்

இந்த இடத்தில் எங்கள் அணியின் சிக்கலுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. வாய் மேலே பார்த்திருக்கும் இலக்கு, வளைந்து இறங்கும் பந்தைக் கேட்கிறது. இதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம்.

வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். பந்து செங்குத்தாக மேலிருந்து இறங்கினால் அதற்கு முழு 45 சென்டிமீட்டர் வாய் கிடைக்கும். சாய்வாக வந்தால் வாய் குறுகும். எவ்வளவு குறுகும் என்பதைப் பள்ளியில் படித்த சைன் கணக்கே சொல்லிவிடும். 45 பாகையில் வந்தால் 45 சென்டிமீட்டரை சைன் 45ஆல் பெருக்க வேண்டும். சுமார் 32 சென்டிமீட்டர். இன்னும் 8 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது. 30 பாகையில் தட்டையாக வந்தால் 22.5 சென்டிமீட்டர்தான். 24 சென்டிமீட்டர் பந்து அதற்குள் எப்படி நேராகப் போகும்? விளிம்பில் மோதத்தான் வேண்டும்.

இப்போது கடைசி மூன்று நிமிடத்துக்கு வாருங்கள். தூரத்திலிருந்து எறியும் பந்துக்கு வேகம் கையிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி முழங்கால் மடிந்து நிமிர்வதிலிருந்து வருகிறது. முப்பது நிமிடத்துக்கு மேல் ஓடிய பிறகு கால் தளர்ந்துவிடும். கால் தராத வேகத்தைத் தோளால் தள்ளி ஈடுகட்டப் பார்ப்பார்கள். பந்து தட்டையாகப் போகும், அல்லது எட்டாமல் விழும். எங்கள் பிள்ளைகள் தவறவிட்ட பந்துகளை நான் குறித்து வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியவை. பயத்தால் கை நடுங்கியது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முன்விளிம்பில் படும் பந்து பயத்தைவிடக் களைப்பையே அதிகம் காட்டுகிறது.

அதனால் பயிற்சியை மாற்றினோம். முன்பு உடம்பு சுறுசுறுப்பாக இருக்கும் தொடக்கத்தில் எறிந்து பழகினோம். இப்போது ஓட்டமெல்லாம் முடிந்து மூச்சு வாங்கும்போது எறிந்து பழகுகிறார்கள். எறியும் முன் முழங்காலை மடக்கு, பந்தை மேலே அனுப்பு என்ற இரண்டே பேச்சுதான். தூரம் எட்டாவிட்டால் தள்ளி எறியாமல் ஓர் அடி உள்ளே வந்து எறியச் சொல்கிறோம். எல்லா ஆட்டமும் வென்றுவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்கும்போது ஏன் தோற்றோம் என்று இப்போது அவர்களால் சொல்ல முடிகிறது. விலகுவதாகச் சொன்ன இருவரும் இன்னும் பயிற்சிக்கு வருகிறார்கள்.

55 வெற்றி, 60 தோல்வி

ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு நெய்ஸ்மித் 1895இல் டென்வர் நகருக்குப் போனார். பகலில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தபடியே மருத்துவம் படித்து 1898இல் மருத்துவர் ஆனார். அதே ஆண்டு கன்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. உடற்கல்வி கற்பிப்பதும் வழிபாட்டை நடத்துவதும் அவர் பணி. அங்கேயே ஒரு கூடைப்பந்து அணியையும் தொடங்கினார். 1899 பிப்ரவரியில் நடந்த அந்த அணியின் முதல் ஆட்டம், கன்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ.விடம் 16-5 என்ற தோல்வி.

1907 வரை அவர் அந்த அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். மொத்தக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கன்சாஸ் பல்கலைக்கழகம் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய பெயர்களில் ஒன்றானது. அதன் பயிற்றுநர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கொண்டவர் ஒருவர்தான். அவர் இந்த விளையாட்டையே கண்டுபிடித்தவர்!

இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். நெய்ஸ்மித்துக்கு ஆட்டம் என்பது உடம்பையும் குணத்தையும் வளர்க்கும் ஒரு வழி. புள்ளிக் கணக்கில் அவருக்குப் பெரிய அக்கறை இருக்கவில்லை. அவரிடம் ஆடிய ஃபாரஸ்ட் ஆலன் என்ற மாணவர் பயிற்றுநராகப் போவதாகச் சொன்னபோது, இந்த ஆட்டத்தை ஆடத்தான் முடியும், அதற்குப் பயிற்சி கொடுக்க முடியாது என்று அவரிடமே சொன்னார். ஆலன் கேட்கவில்லை. நெய்ஸ்மித்துக்குப் பின் கன்சாஸ் அணியின் பொறுப்பை ஏற்று மொத்தம் 39 பருவங்கள் அதற்குப் பயிற்சி கொடுத்தார். 1952இல் தேசியக் கல்லூரி வாகையர் பட்டத்தையும் வென்றார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் இருவரும் பின்னர் அமெரிக்காவின் புகழ்பெற்ற பயிற்றுநர்கள் ஆனார்கள். இன்று கன்சாசில் அரங்கத்துக்கு மாணவர் ஆலனின் பெயர். உள்ளே இருக்கும் ஆடுதளத்துக்கு ஆசிரியர் நெய்ஸ்மித்தின் பெயர். 60 தோல்வி கண்ட ஒருவரின் கணக்கை அவருடைய காலத்தோடு மூடிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அணியில் இடமில்லாத மாணவர்

1933இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கன்சாசில் உடற்கல்வி படிக்க வந்தார். பல்கலைக்கழக அணியில் கறுப்பின மாணவர் ஆட முடியாத காலம் அது. படிக்கலாம், ஆடக்கூடாது. அப்போது 70 வயதைத் தாண்டியிருந்த நெய்ஸ்மித் அந்த மாணவருக்கு வழிகாட்டி ஆனார். அணியில் இடம் வாங்கித் தர அவரால் முடியவில்லை. ஆனால் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கற்றுக் கொடுத்தார். மெக்லெண்டன் 1936இல் பட்டம் பெற்றார்.

அவர் பின்னாளில் பயிற்றுநராகி, டென்னசி மாநிலக் கறுப்பினக் கல்லூரி ஒன்றை 1957, 1958, 1959 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசிய வாகையர் ஆக்கினார். தளம் முழுவதும் விரைந்து ஓடித் தாக்கும் இன்றைய வேக ஆட்டத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஓர் ஆசிரியர் ஒரு மாணவரைக் கைவிடாததன் பலன் இது. நம் பள்ளிகளிலும் அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மழையில் ஓர் இறுதியாட்டம்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக அதிகாரபூர்வ விளையாட்டானது. 20க்கும் மேற்பட்ட நாடுகள் ஆடின. நம் ஆசியாவிலிருந்து சீனாவும் ஜப்பானும் பிலிப்பைன்சும் போயிருந்தன. நெய்ஸ்மித்திடம் பயணத்துக்குப் போதிய பணம் இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுநர்கள் நிதி திரட்டி அவரை அனுப்பி வைத்தார்கள். தன் ஆட்டத்தைத் தூர தேசங்களின் பிள்ளைகள் ஆடுவதை 74 வயதில் அவர் கண்ணாரப் பார்த்தார்.

இறுதியாட்டம் திறந்தவெளியில், மண் தளத்தில் நடந்தது. அன்று மழை. தளம் சேறானது. பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. அமெரிக்கா 19-8 என்று கனடாவை வென்றது. இரண்டாம் பாதியில் இரு அணியும் தலா 4 புள்ளிதான் எடுத்தன. மழையில் நனைந்த பள்ளித் திடலில் ஆடிப் பழகிய நமக்கு அந்த ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலகின் மிகச் சிறந்த வீரர்களுக்கும் பந்து விழாத நாள் ஒன்று உண்டு. வென்ற நாடு அவர் குடியுரிமை பெற்ற நாடு, தோற்ற நாடு அவர் பிறந்த நாடு. பதக்கங்களை வழங்கியவர் நெய்ஸ்மித்.

தமிழ் மண்ணுக்கு வந்த வழி

ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்கள் வேலைக்குப் போன நாடெல்லாம் பந்தையும் கொண்டு போனார்கள். முதல் ஆட்டத்தில் ஆடிய பதினெட்டுப் பேரில் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த இஷிகாவா. அந்த ஆட்டத்தைப் படமாக வரைந்து வைத்தவரும் அவரே. ஆக, முதல் நாளிலேயே இந்த ஆட்டத்தில் ஆசியாவுக்கும் பங்கு இருந்தது.

தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அந்தக் கல்லூரி, ஆசியாவின் மிகப் பழைய உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்று. பக் 1943இல் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தார். நெய்ஸ்மித் கற்பித்த பள்ளியின் பாடம் இப்படித்தான் தமிழ் மாணவர்களுக்கும் வந்து சேர்ந்தது. கூடைப்பந்து நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மிச்சம் வைத்துச் சென்றது

நெய்ஸ்மித் 1937இல் ஓய்வு பெற்றார். 1939 நவம்பர் 28ஆம் நாள் கன்சாசின் லாரன்ஸ் நகரில், 78ஆம் வயதில் காலமானார். தன் ஆட்டத்தால் அவர் பணக்காரர் ஆகவில்லை. அதற்கு உரிமை கொண்டாடவும் இல்லை. அவர் பலகையில் குத்தி வைத்த 13 விதிகளின் அந்த இரண்டு தாள்கள் 2010இல் ஏலத்துக்கு வந்தன. விலை 43 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் கன்சாசில் படித்த ஒருவர். தாள்கள் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்திலேயே காட்சிக்கு இருக்கின்றன.

மாணவர்களே, இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது அதன் காலக்கணக்கு. 21 வயதில் பள்ளி முடித்தார். 30 வயதில் ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். 36 வயதில் மருத்துவர் ஆனார். 74 வயதில் அதே ஆட்டத்தை ஒலிம்பிக்கில் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் காலம் தாழ்ந்துவிட்டது என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. 14 நாள் கெடுவில் 13 நாள் தோல்வியிலேயே போனபோதும், தோல்விக்குக் காரணம் என்ன என்று உட்கார்ந்து கேட்டார். விடை அவருடைய சிறு வயது விளையாட்டிலேயே இருந்தது.

கடைசி நிமிடத்தில் பந்து விழவில்லை என்றால் ஆளைக் குறை சொல்லாதீர்கள். எங்கே பட்டுத் திரும்பியது என்று பாருங்கள். தேர்வில் புள்ளி குறைந்தாலும் இதே முறைதான். எந்தப் பாடத்தில், எந்தக் கேள்வியில், எந்த நேரத்தில் தளர்ந்தோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகும் செய்ய வேண்டியதை, களைத்த பிறகே பழகுங்கள். வேலைக்குப் போய்விட்ட அண்ணன்மார், அக்காமார் இதைப் படித்தால், தனித்தேர்வராக மீண்டும் எஸ்பிஎம் எழுதுவது, தொழில்திறன் கல்லூரியில் சேர்வது என்று திரும்பி வரும் வழிகள் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளியிலோ மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.